வின்ச் கயிறு: வெயில், மண், சூடு - வாசகர் கேள்விகளும் பதில்களும்

வின்ச்சில், அதாவது சிக்கிய வண்டியை இழுக்க பம்பரில் மாட்டும் மோட்டார் இயந்திரத்தில், கம்பிக் கயிற்றைக் கழற்றிவிட்டு சிந்தெடிக் கயிறு மாட்டியவர்கள் எழுதிய கடிதங்கள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் வெயிலைப் பற்றிய கவலைதான். இங்கே நாங்கள் சொல்லும் சிந்தெடிக் கயிறு, எச்.எம்.பி.இ. என்ற பாலிஎத்திலீன் இழையில் பன்னிரண்டு புரியாகப் பின்னி, நடுவில் பொள்ளலாக இருக்கும் கயிறு. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்பவை அந்த இழையின் வியாபாரப் பெயர்கள். அளவுகள் எல்லாம் 4,300 கிலோ இழுக்கும் வின்ச்சில் பரவலாக மாட்டும் 10 மி.மீ. கயிற்றுக்கானவை.

என் ஜீப் வருஷம் முழுக்க வெட்டவெளியில்தான் நிற்கிறது. வாங்கும்போது அடர்நீலமாக இருந்த ரோப் இப்போது வெளுத்துவிட்டது. வெயிலில் செத்துவிட்டதா?
*- வாசகர், திருநெல்வேலி*

நிறம் போனதை வைத்து மட்டும் கயிற்றுக்கு மதிப்புப் போடாதீர்கள். இந்த இழை இயல்பாகவே வெள்ளை. அதில் சாயம் எளிதில் ஏறாது. நீங்கள் பார்த்த நீலம், மேலே ஊறவைத்த பூச்சின் நிறம். வெளுத்தது பூச்சு. இழைக்கு என்ன ஆயிற்று என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது சுலபம். கொக்கியிலிருந்து முதல் 5 மீட்டரில் ஓர் இடத்தையும், டிரம்மின் (கயிறு சுற்றும் உருளை) உள் அடுக்கில் வெயிலே படாத ஓர் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பகுதியை விரலில் வளைத்து நகத்தால் சுரண்டுங்கள். இழைகள் பொடியாக உதிர்ந்தாலோ, மயிரிழைகள் வளையாமல் படக்கென்று ஒடிந்தாலோ அது வெயில் செய்த வேலை. இழைகள் வழவழப்பாக வளைந்து கொடுத்தால் வலு இன்னும் இருக்கிறது.

புற ஊதாக் கதிர் மேற்பரப்பு இழைகளைத்தான் முதலில் தாக்கும். உள்ளே இருப்பவற்றுக்கு வெளியே இருப்பவையே நிழல். அதனால் 10 மி.மீ. கயிறு 5 மி.மீ. கயிற்றைவிட வெயிலை அதிக நாள் தாங்கும். தவிர, எச்.எம்.பி.இ. இந்த விஷயத்தில் கொஞ்சம் திடமான இழைதான். நெருப்புக்கு அஞ்சாத, கெவ்லார் போன்ற அராமிட் இழைகூட வெயிலில் இதைவிட வேகமாகச் சீர்கெடும்.

ஆனால் டிரம்மில் எந்தப் பகுதி வெயிலில் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மேல் அடுக்கும், ஃபேர்லீடுக்கும் (கயிறு வெளியே வரும் வழிகாட்டி வாய்) டிரம்முக்கும் நடுவே இருக்கும் கையளவும்தான். ஒவ்வொரு முறை வின்ச் போடும்போதும் தரையில் இழுபடுவதும், பாறையில் உரசுவதும், சேற்றில் புரள்வதும் அதே முதல் சில மீட்டர்கள்தான். வெயில் தளர்த்திவிட்ட இழையைப் பாறை அறுக்கிறது. இரண்டு சேதமும் ஒரே இடத்தில் சேர்வதால்தான் 'வெயிலில் போச்சு' என்று தோன்றுகிறது.

உங்களுக்கு இரண்டு வழிகள். கயிறு சோதனையில் தேறினால், கழுவி நன்றாகக் காயவைத்து, கயிற்றுக்கென்றே விற்கும் பாலியூரித்தேன் பூச்சைத் திரும்ப ஏற்றலாம். யேல் கார்டேஜ் நிறுவனத்தின் மேக்ஸிஜாக்கெட் அப்படிப்பட்ட ஒன்று. அழுக்கின் மேல் பூசினால் மணலை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும், கவனம். இரண்டாவது வழி, கயிற்றைத் தலைகீழாக மாற்றுவது. கொக்கிப் பக்க நுனி டிரம்முக்குப் போகும், வெயிலே காணாத நுனி கொக்கிக்கு வரும். புது நுனியில் கண்ணி போட ஸ்ப்ளைஸ் (கயிற்றின் நுனியைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பிணைப்பது) தெரிந்திருக்க வேண்டும். கீழே சொல்கிறோம்.

பிளாஸ்டிக் தார்ப்பாயால் வின்ச்சை இறுகக் கட்டி வைக்கிறேன். சரிதானே?
*- வாசகர், கோவை*

மூடுவது சரி. இறுகக் கட்டுவதுதான் தவறு. இழை தண்ணீரைக் குடிக்காது என்றாலும் புரிகளுக்கு நடுவே ஈரம் தேங்கும். காற்றுப் புகாத உறைக்குள் அது காயாமல் இரும்பு டிரம்மைத் துருப்பிடிக்க வைக்கும். துருத்தூள் கயிற்றுக்குள் போனால் உப்புத்தாள் வேலைதான் செய்யும். கேன்வாஸ் துணியில், அடிப்பக்கம் திறந்திருக்கும்படி, நாடா அல்லது வெல்க்ரோ வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். கார் சீட் தைக்கும் கடையில் அரை நாள் வேலை. மழையில் ஓடிவந்த அன்று மூடவே மூடாதீர்கள், மறுநாள் காய்ந்த பிறகு மூடுங்கள்.

மழைக்காலத்தில் செம்மண் சேற்றில் வண்டி எடுக்கிறோம். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் பம்ப் வைத்து அடித்தால் ரோப் பளிச்சென்று ஆகிறது. ஆனாலும் சீக்கிரம் பிய்கிறதே?
*- வாசகர், கர்நாடகத்தின் சக்லேஷ்பூர்*

பளிச்சென்று ஆவது வெளிப்பக்கம் மட்டும். அழுத்தத்தோடு வரும் தண்ணீர் மேலே ஒட்டிய மண்ணைப் புரிகளின் நடுவே அடித்து ஏற்றிவிடுகிறது. கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் பந்தயப் பாதைகளிலும் உங்கள் பக்கத்துக் காப்பித் தோட்டப் பாதைகளிலும் கிடப்பது இதே செம்மண்தான். அதில் இருக்கும் நுண்ணிய கூர்மணல் உள்ளே தங்கிவிட்டால், கயிறு ஒவ்வொரு முறை இறுகித் தளரும்போதும் புரியோடு புரி உரசி இழைகளை உள்ளிருந்தே அறுக்கும். வெளியே புதுசு மாதிரி இருக்கும் கயிறு ஒருநாள் பாதி பாரத்தில் அறுவது இதனால்தான். கயிற்றை வெயிலைவிடச் சீக்கிரம் தின்பது மண். இதை எல்லா வாசகர்களுக்கும் அழுத்திச் சொல்கிறோம்.

கழுவும் முறை இது. கயிறு முழுவதையும் டிரம்மிலிருந்து கழற்றுங்கள். 30 மீட்டர் கயிறு ஏறக்குறைய 2 கிலோதான், கம்பிக் கயிறு போல 10 கிலோவுக்கு மேல் இல்லை, ஓர் ஆள் தூக்கலாம். பெரிய வாளியிலோ அண்டாவிலோ நல்ல தண்ணீர் நிரப்பி, காரமில்லாத திரவ சோப்பு ஒன்றிரண்டு மூடி கலந்து, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு முக்கியமான வேலை. தண்ணீருக்குள்ளேயே இரண்டு கையாலும் கயிற்றை ஓர் அடி இடைவெளியில் பிடித்து, கைகளை ஒன்றை நோக்கி ஒன்று தள்ளுங்கள். பின்னல் விரிந்து கூடை மாதிரி வாய் திறக்கும். அப்போதுதான் உள்ளே இருக்கும் மண் கலங்கி வெளியே வரும். இப்படியே நுனியிலிருந்து நுனி வரை அடி அடியாகப் போங்கள். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை மாற்றுங்கள். சேற்றில் புரண்ட கயிற்றுக்கு மூன்று நான்கு தண்ணீர் பிடிக்கும்.

காயப்போடுவது நிழலில், தரையில் படாமல், கொடியில் தளர்வாக. கழுவிய களைப்பில் மொட்டை மாடித் தரையில் விரித்துவிடாதீர்கள், வெயிலும் மண்ணும் சேர்ந்தே வந்துவிடும். கயிறு கொடியில் இருக்கும்போது டிரம்மையும் ஃபேர்லீடையும் துடைத்துவிடுங்கள். அழுக்கு டிரம்மில் சுத்தமான கயிற்றைச் சுற்றுவதில் பயனில்லை.

கடற்கரை மணலில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி: உப்புத் தண்ணீர் காய்ந்தால் படிகமாகி அதுவும் மணல் மாதிரியே அறுக்கும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

ரோப் முழுக்கப் பஞ்சு மாதிரி முடி எழும்பியிருக்கிறது. லைட்டரால் பொசுக்கிவிட்டால் சுத்தமாகுமா?
*- வாசகர், சேலம்*

தயவுசெய்து வேண்டாம். இந்த இழை சுமார் 145 முதல் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். லைட்டர் சுடர் அதைவிடப் பல மடங்கு சூடு. முடியோடு சேர்த்து உயிரோடிருக்கும் இழைகளையும் உருக்கிக் கட்டியாக்கிவிடுவீர்கள். அந்தக் கட்டி வளையாது, பக்கத்துப் புரியையும் வெட்டும்.

புதுக் கயிற்றில் சீராக, மெல்லிசாக எழும்பும் பஞ்சு இயல்பு. மேலே அறுந்த நுண்ணிழைகள் மெத்தை மாதிரிப் படர்ந்து கீழே இருப்பவற்றைக் காக்கவும் செய்யும். ஒரே இடத்தில் மட்டும் அடர்த்தியாக எழும்பினால்தான் விசாரிக்க வேண்டும். கயிற்றை டிரம்மில் சுற்றி, அந்த இடம் எதன்மேல் வருகிறது என்று பாருங்கள். ஃபேர்லீடின் கீறலோ, பம்பரின் விளிம்போ, டிரம் ஓரத்துப் பிசிறோ அங்கே இருக்கும்.

தேயிலைத் தோட்டச் சரிவில் வண்டியை வின்ச்சால் பிடித்துக் கீழே இறக்குகிறோம். ரோப்பின் அடிச்சுற்று கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகிவிட்டது. என்ன காரணம்?
*- வாசகர், வால்பாறை*

டிரம் சூடு. பல மின்சார வின்ச்களில் பிரேக் டிரம்முக்கு உள்ளேயே இருக்கிறது. வண்டியை இழுக்கும்போது பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. பாரத்தோடு கயிற்றை வெளியே விடும்போதுதான் அது உரசிக்கொண்டே பிடிக்கிறது. அந்த உராய்வுச் சூடு முழுவதும் டிரம் வழியாக அடிச்சுற்றுக்கு வருகிறது. எச்.எம்.பி.இ. கயிற்றை 70 டிகிரிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. உருகும் முன்பே, சூடு ஏற ஏற வலு குறையும். நீண்ட சரிவில் நிறுத்தாமல் இறக்கினால் டிரம் அந்த எல்லையைத் தாண்டிப் போய்விடும்.

முதலில் கயிற்றின் நிலையைப் பாருங்கள், ஏனென்றால் பளபளப்பு இரண்டு வகை. பாரத்தில் நசுங்கியதால் வந்த பளபளப்பு என்றால், கயிற்றைக் கையில் வளைத்துக் கசக்கினால் விலகிப் புரிகள் மறுபடி தனித்தனியாகும். அது சேதமல்ல. எவ்வளவு கசக்கினாலும் குச்சி மாதிரியே இருந்தால் உருகி ஒட்டியது. அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான்.

இனி செய்ய வேண்டியது: பாரமில்லாதபோது மோட்டாரை ஓடவிட்டுக் கயிற்றை வெளியே விடாதீர்கள். கிளட்ச்சை விடுவித்துக் கையால் இழுங்கள். மோட்டாரால் விட்டால் பாரமில்லாவிட்டாலும் பிரேக் உரசும். பாரத்தோடு இறக்கியே தீர வேண்டும் என்றால் சிறிது இறக்கி, நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி இறக்குங்கள். நிறுத்தும்போது வண்டியைச் சக்கரக் கட்டை வைத்துப் பிடியுங்கள்.

அடிச்சுற்றுக்கு அராமிட் உறை போடுவது நல்ல ஏற்பாடு. 64 மி.மீ. விட்டமும் 229 மி.மீ. அகலமும் உள்ள வழக்கமான டிரம்மில் 10 மி.மீ. கயிறு முதல் அடுக்கில் 22, 23 சுற்று உட்காரும். ஆக சுமார் 5 மீட்டர் நீளத்துக்கு உறை இருந்தால் போதும். அராமிட்டுக்கு வெயில் ஆகாது என்று முன்பே சொன்னோம். அடி அடுக்கில் இருட்டிலேயே கிடப்பதால் இங்கே அந்தக் கவலை இல்லை. இறக்கும் வேலையே அதிகம் என்றால், அடுத்த முறை பிரேக் டிரம்முக்கு வெளியே இருக்கும் வின்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். அது உறையைவிட நிரந்தரமான தீர்வு.

கம்பிக் கயிறு ஓடிய அதே நாலு உருளை ஃபேர்லீடில் சிந்தெடிக் ரோப்பை ஓட்டலாமா?
*- வாசகர், ஈரோடு*

கம்பி ஓடிய உருளைகளில் வேண்டாம். கம்பி போட்ட வரிகள் அவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் அரம் மாதிரி நிற்கும். பக்கவாட்டில் இழுத்தால் உருளைகள் சந்திக்கும் மூலை இடுக்கில் கயிறு சிக்கி நசுங்கவும் செய்யும். வாயோரம் அகலமாக உருட்டிவிட்ட அலுமினிய ஹாஸ் ஃபேர்லீட் வாங்குங்கள். வளைவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. மாதம் ஒருமுறை அதன் வாயை விரலால் தடவுங்கள். விரல் தடுக்கினால் 220 எண் உப்புத்தாள், பிறகு 400 போட்டு வழவழப்பாக்குங்கள். அதே அலுமினியத்தில் கம்பிக் கயிற்றை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள், ரம்பம் மாதிரி அறுத்துவிடும்.

டிரம்மையும் விட்டுவிடாதீர்கள். உள் தட்டுகளிலும் கயிறு மாட்டும் துளை ஓரத்திலும் கம்பி கிளப்பிய பிசிறுகள் இருக்கும். புதுக் கயிறு ஏறும் முன் அரத்தால் தட்டையாக்கி உப்புத்தாள் போடுங்கள்.

இழுக்கும்போது மேல் சுற்று கீழே புதைந்து சிக்கிக்கொள்கிறது. வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.
*- வாசகர், தேனி*

தளர்வாகச் சுற்றியதன் பலன். கீழ் அடுக்குகள் பஞ்சு மெத்தை மாதிரி கிடந்தால், பாரம் வந்த மேல் சுற்று ஆப்பு போல உள்ளே இறங்கும். இறங்கும்போதும் எடுக்கும்போதும் கயிறு கயிற்றையே தேய்க்கிறது.

கயிற்றை முழுக்க வெளியே விடுங்கள், ஆனால் டிரம்மில் குறைந்தது 10 சுற்று இருக்கட்டும். கம்பிக்கு 5 போதும். இந்தக் கயிறு வழுக்கும் என்பதால் இரட்டிப்பு. நுனியில் இருக்கும் போல்ட் பாரம் தாங்குவதற்கல்ல, அந்தச் சுற்றுகளின் பிடிதான் பாரம் தாங்குகிறது. மெல்லிய ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, எதிரே திடமான ஒன்றில் கொக்கியை மாட்டி, ஹேண்ட் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வண்டியையே இழுத்துச் சுற்றுங்கள். கயிற்றில் 225 கிலோவாவது இழுவை இருக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று ஒட்டி, குறுக்கே ஏறாமல் போகிறதா என்று ஓர் ஆள் தள்ளி நின்று பார்த்துச் சொல்லட்டும். டிரம் சுற்றும்போது கை பக்கத்தில் போகக்கூடாது. காட்டில் வேலை முடிந்து அவசரத்தில் சுற்றியிருந்தால், வீட்டுக்கு வந்ததும் இதே மாதிரி ஒருமுறை பிரித்துச் சுற்றிவிடுங்கள்.

பாறை விளிம்பில் உரசாமல் இருக்க உறை எந்தப் பொருளில், எவ்வளவு நீளம்?
*- வாசகர், குன்னூர்*

தடித்த நைலான் நெசவுக் குழாய், ஒன்று முதல் இரண்டு மீட்டர். கயிற்றின் மேல் தாராளமாக நகர வேண்டும். உரசும் இடத்துக்கு நகர்த்தி, இரு நுனியையும் நாடாவால் கட்டுங்கள். கட்டாவிட்டால் கயிறு மட்டும் நகர்ந்து உறை பின்தங்கிவிடும். பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டும் நன்றாக உழைக்கும். கண்ணி போட்டுவிட்ட கயிற்றுக்கு வெல்க்ரோ வைத்துத் திறக்கும் உறை வாங்குங்கள். வேலை முடிந்ததும் உறையைத் தள்ளி உள்ளே பார்ப்பது அவசியம். மணல் புகுந்த உறை கயிற்றை யாருக்கும் தெரியாமல் தேய்த்துக்கொண்டிருக்கும்.

மரத்தில் கயிற்றையே சுற்றிக் கொக்கியை அதன்மேல் மாட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அகலப் பட்டை ஸ்லிங் போட்டு, ஷேக்கிள் (குறுக்கே ஆணி போட்ட U வடிவ இரும்பு வளையம்) வழியாக மாட்டுங்கள். மரப்பட்டையும் பிழைக்கும்.

நடுக்காட்டில் ரோப் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டலாமா?
*- வாசகர், சத்தியமங்கலம்*

முடிச்சில் இந்தக் கயிறு பாதி வலுவையோ அதற்கும் மேலோ இழக்கும், வழுக்கி அவிழவும் செய்யும். ஸ்ப்ளைஸ் போட்டால் ஏறக்குறைய 90 சதவீதம் வலு திரும்பக் கிடைக்கும். வீட்டில் இரண்டு முறை பழகினால் காட்டில் கால் மணி நேரத்தில் முடிக்கலாம்.

தேவையானவை: கூர்மையான கத்தி, இன்சுலேஷன் டேப், மார்க்கர், 1.8 மீட்டர் மெல்லிய ஸ்டீல் கம்பி, தடித்த பாலியஸ்டர் நூல், ஊசி. விதி ஒன்றுதான்: உள்ளே செருகும் வால், கயிற்றின் விட்டத்தைப் போல 72 மடங்கு இருக்க வேண்டும். 10 மி.மீ. கயிற்றுக்கு 720 மி.மீ.

சேதமான பகுதியை வெட்டி, நுனியிலிருந்து 720 மி.மீ.யில் முதல் குறி. அதற்கு அப்பால், திம்பிளை (கண்ணிக்குள் உட்காரும் உலோக வளையம்) சுற்றி வரும் நீளத்தை அளந்து இரண்டாம் குறி. வாலின் கடைசி 200 மி.மீ.யில் இடைவெளி விட்டு விட்டு ஒவ்வொரு புரியாக வெட்டி, நுனியில் ஆறு புரி மட்டும் மிஞ்சும்படி மெலிதாக்கி டேப் சுற்றுங்கள். கம்பியை இரண்டாக மடியுங்கள். இரண்டாம் குறிக்கு அப்பால், கண்ணிக்கு எதிர்ப்புறமாக ஒரு மீட்டர் வரை கயிற்றைக் கழுவும்போது செய்தது போலத் தள்ளித் திறந்து, மடித்த கம்பியை அதன் நடுப்பொள்ளல் வழியாக இரண்டாம் குறிவரை கொண்டுவாருங்கள். கம்பியின் மடிப்பில் வாலைக் கோத்து, இரு குறிகளும் சந்திக்கும்வரை உள்ளே இழுங்கள். டேப்பை எடுத்துவிட்டு, கண்ணிப் பக்கமிருந்து கயிற்றை உருவி உருவி விடுங்கள். வால் நுனி உள்ளே மறையும். கடைசியில் கண்ணியின் கழுத்தில் நூலால் குறுக்கும் நெடுக்குமாக ஏழெட்டுத் தையல்.

இழுக்க இழுக்க வெளிப்பின்னல் வாலை இறுகப் பிடிப்பதுதான் இதன் வலு. பாரம் இல்லாமல் தொங்கும்போது வால் மெல்ல நழுவக்கூடும் என்பதற்காகத்தான் தையல். அதை விட்டுவிடாதீர்கள். வால் 720 மி.மீ.க்குக் குறைந்தால் பாரத்திலேயே உருவிக்கொள்ளும். நடுவில் அறுந்ததை இணைக்கவும் இதே முறை, இரு நுனியும் ஒன்றுக்குள் ஒன்று 720 மி.மீ. போக வேண்டும். கயிறு சுமார் ஒன்றரை மீட்டர் குறையும்.

கிரீஸ், எண்ணெய் ஏதாவது தடவலாமா?
*- வாசகர், மதுரை*

வேண்டாம். இழைக்கு எண்ணெய் தேவையில்லை, தூசிக்குத்தான் அது பசை.

எத்தனை வருஷத்தில் மாற்ற வேண்டும்?
*- வாசகர், பெங்களூரு*

வருஷக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கயிற்றைக் கையில் உருவிப் பாருங்கள். டிரம் அடியில் இருக்கும் தேயாத புரியோடு ஒப்பிட்டு, ஒரு புரியின் பருமன் கால்வாசி குறைந்திருந்தால் அந்தப் பகுதி போய்விட்டது. அடுத்தடுத்து இரண்டு புரி அறுந்திருந்தாலும், உருகிய கட்டி இருந்தாலும், பின்னலைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி கொட்டினாலும் அப்படியே. சேதம் முதல் சில மீட்டரில் என்றால் வெட்டிக் கண்ணி போட்டு ஓட்டலாம். பல இடங்களில் என்றால் முழுக் கயிற்றையும் மாற்றுங்கள். புதிதாக 9 டன் தாங்கிய கயிறு இப்போது எவ்வளவு தாங்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது.

பாதி விலைக்கு 'சிந்தெடிக் வின்ச் ரோப்' தருகிறார்கள். அசல்தானா என்று எப்படித் தெரியும்?
*- வாசகர், யாழ்ப்பாணம்*

ஒரு துண்டு வெட்டிக் கேளுங்கள். தண்ணீரில் போட்டு, பிதுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மூழ்கினால் நைலான் அல்லது பாலியஸ்டர். மிதந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள், பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். அது தொட்டால் சொரசொரப்பாக, விறைப்பாக இருக்கும். வெயிலில் எல்லாவற்றுக்கும் முன்னால் பொடியாவதும் அதுதான். எச்.எம்.பி.இ. மெழுகு தடவியது போல வழுக்கும், மழுங்கிய கத்தரிக்கோலுக்கு அறுபடாது. 10 மி.மீ.க்கு அறுபடு பாரம் எத்தனை டன் என்று எழுதித் தராத கயிற்றை வாங்காதீர்கள்.

கொக்கி ஆடாமல் இருக்க பம்பரில் மாட்டி வின்ச்சால் இறுக்கி வைக்கிறேன். பரவாயில்லையா?
*- வாசகர், ஓசூர்*

ஆட்டம் நிற்கும் அளவுக்குக் கையால் இழுத்து வையுங்கள், மோட்டாரால் முறுக்காதீர்கள். ஓயாத இழுவையில் இந்த இழை மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும், அந்த நீட்சி திரும்பாது. ஃபேர்லீட் வாயில் மடங்கி நிற்கும் அதே இடம்தான் நாள் முழுக்க வெயிலையும் வாங்குகிறது. அங்கே ஒரு சாண் நீளத்துக்கு வெல்க்ரோ உறையைச் சுற்றி வைத்து, வாரம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள்.